மூலைமட்டத்தில் ஐந்து விரல்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கினேன். வழக்கம்போலப் பாதியில் சிக்கியது. தோளைக் கொடுத்து ஏற்றினேன்.

உள்ளே கற்பூர வாசனை, மண்ணெண்ணெய் வாசனை. இரண்டுக்கும் அடியில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு வாசனையும் இருந்தது, ஈர ஆணியை நாக்கில் வைத்தது மாதிரி. வெளியே பனிமூட்டம் கலையவில்லை. எதிரே இருக்கிற பஸ் நிறுத்தம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

என் மனைவி பூங்காவனம் போன அன்று எதை எங்கே வைத்துவிட்டு ஓடினேனோ, அது அங்கேயே கிடந்தது. லேத்தில் பாதி கடைந்த ஒரு தண்டு. வேலை மேஜையின் மேல் என் மூலைமட்டம்.

மூலைமட்டம் என்றால் தச்சர்கள் மூலை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். என்னுடையது முழுக்க எஃகு. அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். அப்படி வைத்திருந்தேன்.

கையில் எடுத்தேன். அலகின் ஒரு பக்கத்தில் நான்கு செம்மண் நிறக் கறைகள். திருப்பினேன். மறுபக்கத்தில் ஒன்று.

துரு ஓரத்தில் தொடங்கிப் படை மாதிரிப் படரும். இது படரவில்லை. பிடித்திருந்தது. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். ரேகைகூடத் தெரிந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தப் பட்டறையில் என்னைத் தவிர யாரும் கருவி தொட்டதில்லை. அதை நானே சந்தையெல்லாம் சொல்லிப் பெருமையடித்தவன்.

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கேட்க வேண்டிய ஆள்

லேத் மெஷினை ஜமுனாமரத்தூருக்கு மலையேற்றிய கதையைச் சில வாரங்களுக்கு முன்னால் எழுதியிருந்தேன். அதைப் படித்த சிலர், சாரலும் பனியுமான இடத்தில் இரும்பை எப்படித் துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நான் எழுதி அனுப்புவதில் இருக்கும் எழுத்துப் பிழைகளைப் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்கிறார்கள். ஆனால் இரும்பு விஷயத்தில் என்னைத் திருத்த இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை திருப்பத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் என் ட்ரில் பிட் பெட்டியைத் திறந்து பார்த்து, “என்னங்க, நேத்து வாங்கினதா?” என்றார்.

“நீங்க காலேஜ் சேர்றதுக்கு முன்னால வாங்கினதுங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

என் முறை இதுதான். கருவிப் பெட்டிக்குள் துணியில் முடிந்த கற்பூரக் கட்டி ஒன்று. கரைந்து போனால் வேறு கட்டி. அலமாரிக்குள் ஒரு சின்ன பல்ப் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளே லேசான சூடு இருந்தால் பனி உட்காராது. அடித்தட்டில் ஒரு தகர டப்பாவில் சுட்ட சுண்ணாம்புக் கல். ஈரத்தைக் குடித்துக் குடித்து அது மாவாகிவிடும். மாவானதும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கல் வைக்க வேண்டும்.

இரும்பைச் சிமெண்டுத் தரையில் வைக்கவே கூடாது. பலகை போடுங்கள். முதலில் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, அதற்குப் பிறகுதான் எண்ணெய். ஈரத்தின் மேல் எண்ணெய் பூசினால் துருவுக்குப் போர்வை போர்த்திவிட்ட மாதிரி. உள்ளே சுகமாக வளரும்.

இன்னொன்று, புளி. எங்கள் மலையில் புளி இல்லாத வீடு கிடையாது. உப்புப் போட்டு மிதித்த புளி மூட்டையைச் சந்தை நாள் வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பட்டறை வாசலில் இறக்குவார்கள். ஒரு முறை உறவுக்காரர் ஒருவருக்காக இரண்டு மூட்டையை நான்கு நாள் உள்ளே வைத்தேன். பக்கத்து மாடத்தில் இருந்த அரங்கள் எல்லாம் பூனைக்குட்டி மாதிரிச் செம்மயிர் பூத்துவிட்டன. அதிலிருந்து புளியை உள்ளே விடுவதில்லை.

“மேஸ்திரி வூட்ல ரசம்கூட வெக்க மாட்டாங்கோ போல” என்று ஒரு கிழவி சந்தையில் என் காதுபடக் கிண்டல் செய்தாள்.

இதையெல்லாம் சந்தையிலும் டீக்கடையிலும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. அது எனக்கே தெரியாது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நான் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து பூங்காவனம் பட்டறைக்கு வருவாள். என் பழைய வேட்டியைக் கிழித்து, எண்ணெயில் ஊறவைத்து, பால் பவுடர் டின்னில் வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே இருப்பாள். கூட்டிப் பெருக்குகிறாள், தூசி தட்டுகிறாள் என்று நினைத்தேன். பெண்கள் செய்கிற வேலைதானே என்று விட்டுவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

முதல் பிடி

பூங்காவனத்துக்கு ஒரே தம்பி, வெள்ளையன். பத்து வருஷத்துக்கு மேல் என்னோடு பட்டறையில் இருந்தான். வெல்டிங், பம்புசெட், சாமை அரைக்கிற மெஷினுக்குத் தண்டு போடுவது என்று எல்லாம் செய்வான்.

அவன் கை எப்போதும் கறுப்பாக, கிரீஸும் எண்ணெயுமாக இருக்கும். கழுவ மாட்டான். மத்தியானம் சோறு தின்பதற்கென்று ஒரு ஸ்பூன் வைத்திருந்தான். “கலெக்டரு ஸ்பூன்ல துன்றாரு பாரு” என்று கேலி செய்வேன். “கை கழுவுறதுக்குள்ள பசி போயிடும் மாமா” என்பான்.

நான் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அளவெடுக்கிற கருவியைத் தொடுவேன். திருப்பத்தூரில் நான் வேலை கற்ற பட்டறையில் சுத்தக் கைக்கு அவ்வளவு மரியாதை.

வெள்ளையனுக்கு நிலம் அதிகமில்லை. வாய்ச் சவடாலும் கிடையாது. அவனிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கைக்கு ஊரில் இருந்த பெயர்.

எங்கள் பக்கத்தில் சாமை விதைக்கும்போது முதல் பிடியைக் கைராசிக்காரர் போட வேண்டும். விதைக்கிற கொல்லைக்குச் சொந்தக்காரன் போட மாட்டான். அந்த ஆள் வந்து, கிழக்குப் பார்த்து நின்று, ஒரு பிடி வீசிய பிறகுதான் மற்றவர்கள் கூடையில் கை வைப்பார்கள். என் மாமனார் ஊரில் அந்தக் கை வெள்ளையனுடையது. அவன் அப்பாவுக்குப் பிறகு அவன்.

ஆனி மாதம் மழை இறங்கினால் ஒரு வாரம் பட்டறைப் பக்கமே வரமாட்டான். ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்கு நடப்பான். “வேலை கெடக்குது, இவரு ராஜா மாதிரி வெதை வீசப் போயிட்டாரு” என்று கத்துவேன். திரும்பி வரும்போது நிமிர்ந்து நடந்து வருவான். அந்த ஒரு வாரம் மட்டும் கையைக் கழுவி வைத்திருப்பான்.

பூங்காவனம் இல்லாத மூன்று மாதம்

மகளுக்குத் தலைப்பிரசவம். பூங்காவனம் திருப்பத்தூருக்குப் போய் மகளோடு மூன்று மாதம் தங்கினாள். புரட்டாசியில் போனவள் மார்கழியில்தான் வந்தாள். மலையில் விடாத மழைக்காலம் அது.

அந்த மூன்று மாதத்தில் முதல் முறையாக என் பட்டறையில் துரு விழுந்தது. மூலைமட்டத்தில், மரை வெட்டுகிற புது டேப் செட்டில், லேத் கைப்பிடியில். எல்லாம் விரல் விரலாக.

எனக்கு உடனே திருப்பத்தூர் பட்டறை நினைவுக்கு வந்தது. அங்கே ஒருவனை மூன்றாம் நாளே வேண்டாம் என்று அனுப்பினார்கள். அவன் வேர்வை பட்டால் எஃகு சிவந்துவிடும். ‘துருக்கை’ என்று சொன்னார்கள். சிலருக்கு உடம்பு வாகு அப்படி. இடுப்பில் கட்டிய வெள்ளி அரைஞாண்கூட ஒரே மாதத்தில் கறுத்துவிடும்.

“வெள்ளையா, இங்க வா. இன்னா இது?”

“துரு மாமா.”

“துருன்னு எனக்குத் தெரியாதா? யார் கை?”

அவன் குனிந்து பார்த்தான். “தெர்லியே மாமா. ரெண்டு பேரும்தானே தொடறோம்.”

“ரெண்டு பேரா? நான் சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தொடறவன்டா. உன் கையப் பாரு.”

பார்த்தான். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எண்ணெய் மின்னிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு யோசித்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எண்ணெய்க் கை பட்ட இரும்பு துருப்பிடிக்காது. கழுவித் துடைத்து வேர்த்த கை பட்டால்தான் பிடிக்கும். முப்பது வருஷம் இரும்போடு கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை. இந்தப் பட்டறையே என் கையால் ஆனது. அந்தக் கையை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

பூங்காவனம் திரும்பி வருவதற்கு இரண்டு நாள் முன்னால், மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் ஸ்பூனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

அடுத்த சந்தை நாளில் டீக்கடையில் நல்ல கூட்டம். மாமனார் ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தர் கேட்டார்: “இன்னா மேஸ்திரி, மச்சானக் காணோம்? தொரத்திட்டியா?”

“அவன் கை பட்டா இரும்பே துருப்புடிக்குதுப்பா. வெதை எப்டி மொளைக்கும்? உஷாரா இருங்க” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வார்த்தை ஒன்று வாயில் விழுந்துவிட்டதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அன்று இன்னும் இரண்டு பேரிடம் அதையே சொன்னேன்.

அந்த ஆனியிலும் வெள்ளையன்தான் முதல் பிடி போட்டான். விதை முளைத்தது. பிறகு மழை ஓடிவிட்டது. முளை அத்தனையும் கருகியது. வெள்ளையன் கை படாத பக்கத்து ஊர்க் கொல்லைகளும்தான் கருகின. அதை யார் கணக்கில் வைத்தார்கள்? டீக்கடையில் நான் சொன்ன வார்த்தைதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

அதற்கு அடுத்த ஆனியில் மழை நன்றாக இறங்கியது. பூங்காவனம் தாய் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்:

“வெள்ளையன் காலையிலே குளிச்சிட்டு வாசல்ல குந்தினு கீறான். மூணு நாளா. ஒருத்தரும் கூப்ட வரல.”

“அதுக்கு நான் இன்னா பண்றது?”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பிறகு கேட்டாள்: “அது யார் கைன்னு நல்லாப் பாத்தீங்களா?”

“என் கைன்னு சொல்றியா?”

நான் கேட்ட குரலை இங்கே எழுத முடியாது. அவள் பால் பவுடர் டின்னை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டாள்.

வெள்ளையன் மனைவி பிள்ளைகளோடு கர்நாடகப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான். அவனை அனுப்பியதிலிருந்து என் பட்டறையில் ஒரு பொட்டுத் துரு இல்லை. “பாத்தியா, ஆள் போனான், துருவும் போச்சு” என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். வேறு ஆளையும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த டின்

மறுபடியும் அந்த ஸ்டூலுக்கு வருகிறேன்.

பூங்காவனம் சென்ற கார்த்திகையில் ஒரு மத்தியானம் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் பட்டறையைத் துடைக்க ஆள் இல்லை. நான் விட்டது விட்டபடி பதினாறு நாள் பூட்டிக் கிடந்தது.

சாவுக்கு வெள்ளையன் வந்திருந்தான். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டு வந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது மட்டும் முன்னால் வரவில்லை. கையைத் துண்டுக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, தன் மனைவியை முன்னால் அனுப்பினான். கூடப் பிறந்தவள் வாயில் ஒரு பிடி அரிசி போடாமல் நின்றான். நான் பார்த்தேன். ‘இன்னும் ரோஷம் போகலை பார்’ என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

மூலைமட்டத்தைப் பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை. ஒரு இரும்புத் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சோப்புப் போட்டுக் கை கழுவி, உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். என் கை முழுசாக அங்கே இருந்தது.

பிறகுதான் அந்த டின்னைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்தேன். எண்ணெயோடு எண்ணெயாகச் செம்மண் நிறத்தில் கோடு கோடாகக் கறை. அன்றன்றைக்கு நான் தொட்டதை அன்றன்றைக்கே துடைத்திருக்கிறாள். ஒரு நாள் தப்பியதைக்கூட மறுநாள் தேய்த்து எடுத்திருக்கிறாள். துணியை மூக்கில் வைத்தால் அவள் வாசனை இல்லை. இரும்பு வாசனைதான்.

அழுதேன் என்று எழுதினால் போதாது. ஆனால் அழுகையை விட ஒரு கேள்விதான் என்னைத் தின்றது. ஒரே ஒரு வாரம் அவள் துடைக்காமல் இருந்திருந்தால் போதுமே. துரு தானே சாட்சி சொல்லியிருக்குமே. தம்பி பெயர் மீண்டிருக்குமே. ஏன் செய்யவில்லை?

காப்பித் தோட்டத்தில்

தை பிறந்ததும் திருப்பத்தூர் போய் பஸ் மாறி, கர்நாடகப் பக்கம் போனேன். தோட்டத்து வேலைக்காரர்கள் தங்கும் வரிசை வீடுகளில் கடைசி வீடு. வெள்ளையன் வெளியே உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். ஐம்பது தாண்டிவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“வாங்க மாமா. குந்துங்க.”

நான் உட்காரவில்லை. “வெள்ளையா, அது என் கைடா” என்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். “தெரியும் மாமா.”

“எப்ப தெரியும்?”

“நீங்க கேட்டப்போ தெரியாது. அக்கா அப்பறமா சொல்லிச்சி. நான் இங்க வந்த மொத வருஷமே வந்திச்சே. மக வூட்டுக்குப் போறேன்னு உங்களாண்ட சொல்லிட்டு.”

“இன்னா சொன்னா?”

“‘ஒரு வாரம் தொடைக்காம வுட்டுட்றேன்டா. அந்த மனுஷனே பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்’னு சொல்லிச்சி. நான்தான் வேணான்னேன்.”

“ஏன்டா?”

“துருக்கை மேஸ்திரின்னு பேரு ஆனா பட்டறைக்கு எவன் வருவான்? பட்டறைய மூடிட்டா அக்கா இன்னா பண்ணும்? எனக்குப் போனது வருசத்துல ஒரு வாரம். அக்காவுக்குப் போனா வருசம் முழுக்கப் போயிடும்.” துண்டால் வாசற்படியைத் தட்டிவிட்டான். “அதுவும் இல்லாம, நீங்க தாங்க மாட்டீங்க மாமா.”

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. திருப்பத்தூர் பட்டறையில் முதலாளி கையால் அடி வாங்கித் தாங்கியவன். லேத் மெஷினைத் தோள் கொடுத்து மலையேற்றியவன். ஊரையே தாங்கும் தூண் நான் என்று நினைத்திருந்தேன். என் வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, இவன் தாங்க மாட்டான் என்று பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

“ஆனிக்கு வா. ஊர் முன்னால சொல்றேன்” என்றேன்.

“வுடுங்க மாமா. எல்லாம் பழசு.”

“உங்கப்பா அக்காவுக்கு வுட்ட கொல்லை தரிசாக் கெடக்குதுடா.”

கீழே வைத்த கத்தியை எடுத்து மறுபடியும் தீட்டினான். ஆனியில் வந்தான்.

பன்னிரண்டு விதைப்பு

விதைப்புக்கு நாள் குறிக்க மாமனார் ஊர் முழுக்க மாரியம்மன் கோயில் முன்னால் கூடியிருந்தது. நான் எழுந்து நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். துருப்பிடிக்க வைத்தது என் கை, வெள்ளையன் கை இல்லை என்றேன்.

ஒருவர் இருமினார். நாட்டாமை என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

“பொண்டாட்டி போன துக்கம் மேஸ்திரி. மச்சானுக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கிறீங்கோ. பெரிய மனசுதான். ஆனா உங்க கையைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? இத்தினி வருசமா நீங்கதானே சொல்லினு கீறீங்கோ.”

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி “பாவம்” என்றாள்.

வாயால் கட்டிய பெயரை வாயால் இடிக்க முடியவில்லை. பையிலிருந்து புதிதாகத் தேய்த்த ஒரு தகட்டை எடுத்தேன். நடுவே ஒரு கோடு கிழித்தேன். கோயில் குழாயடியில் நானும் வெள்ளையனும் ஒரே சோப்பில் கை கழுவினோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் அவன் கை. எல்லோரும் பார்க்க அழுத்தினோம். தகட்டை நாட்டாமை தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். மூன்று நாளும் சாரல்.

நாலாம் நாள் கொண்டு வந்து கோயில் படியில் வைத்தார். என் பக்கத்தில் சிவப்பாக ஒரு கை, ஐந்து விரலும் ரேகையுமாக. அவன் பக்கத்தில் வெறும் இரும்பு.

குனிந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். கடைசியாக நாட்டாமை சொன்னார்:

“சரி மேஸ்திரி. பன்னெண்டு வெதைப்பு போயிடிச்சே.”

நான் தகட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் விதைக் கூடையை எடுத்து வெள்ளையன் முன்னால் வைத்தார். இந்தப் பன்னிரண்டு வருஷமாக முதல் பிடி போடுகிற கோவிந்தி என்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். வெள்ளையன் கூடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“அது போட்டா நல்லாத்தானே மொளைக்குது?”

“மொளைக்குது.”

“அப்பறம் இன்னாத்துக்கு அது கையில இருந்து புடுங்கணும்?” கூடையை அவள் பக்கம் நகர்த்தினான். “எங்கிட்ட இருந்து புடுங்கினது போதும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவளுடைய கால் ஏக்கர்

மாமனார் பூங்காவனத்துக்கென்று விட்ட கால் ஏக்கர் கொல்லை ஊருக்கு வெளியே மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவள் இருந்தவரை ஒரு வருஷம்கூடத் தரிசு போட்டதில்லை. முதல் பிடிக்கு மட்டும் வெள்ளையன் போன பிறகு அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. தம்பி பெயரைச் சொல்லித் தானே வீசுவாளாம். இதுவும் எனக்குக் கோவிந்தி சொல்லித்தான் தெரியும்.

வெள்ளையன் இரவல் மாடு வாங்கி உழுதான். உழுது முடித்துக் கூடையை என்னிடம் நீட்டினான்.

“போடுங்க மாமா.”

“நீ போடுடா. அதுக்குத்தானே வந்த.”

“நீங்க போடுங்க.”

“என் கையப் பத்தி ஊர் முன்னால காட்டிட்டு வந்திருக்கேன். இன்னும் இன்னாடா?”

“அது இரும்புக்கு ஆவாது. மண்ணுக்கு ஆவுமா ஆவாதான்னு யார் பாத்தா?”

அவன் முகத்தைப் பார்த்தேன். மன்னிக்கிறானா, தண்டிக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எதுவாக இருந்தாலும் நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கிழக்குப் பார்த்து நின்றேன். பிடி அள்ளினேன். கை வேர்த்துக் கொட்டியது. வீசியபோது பாதி விதை உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது.

“ஒதறுங்க மாமா” என்றான். உதறினேன்.

அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டான். ஜன்னல் வழியாக, “மொளைச்சா போன் பண்ணுங்க” என்றான். முளைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கை துருக்கைதான். இதைப் படித்துவிட்டு என் பட்டறைக்கு வேலை கொண்டு வராதவர்கள் வராமல் இருக்கட்டும். வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போது சாயங்காலம் நான் டீக்கடைக்குப் போவதில்லை. துடைக்கிறேன்.

சாமை ஐந்தாறு நாளில் முளை காட்டிவிடும். இன்றோடு பத்து நாள். மழை குறை வைக்கவில்லை. கோவிந்தி போட்ட கொல்லையெல்லாம் பச்சை கட்டிவிட்டதென்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். வெள்ளையன் இரண்டு முறை போன் செய்தான். நான் எடுக்கவில்லை.

இன்று காலையில் மேட்டின் உச்சி வரைக்கும் நடந்தேன். இன்னும் நாலு அடி வைத்திருந்தால் கொல்லை தெரிந்திருக்கும். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.